இரண்டு நொடியில் மறையும் பெயர்

சித்ரலேகாவுக்குக் கை சும்மா இருக்காது. பேனாவைக் கொடுத்தால் மூடியைத் திருகுவாள். கதவருகே நின்றால் தாழ்ப்பாளை ஆட்டுவாள். ஆறாம் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் சாலோமி, பரீட்சை நாட்களில் மட்டும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொள்வாள். இல்லையென்றால் பெஞ்சு ஆடி எழுத்து கோணிவிடும்.

அந்தக் கைதான், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கம்ப்யூட்டரில் அமுக்கக் கூடாத ஒன்றை அமுக்கிவிட்டது.

அது 1998ஆம் வருடம். சீவலப்பேரியில் அந்தப் பள்ளிக்கு இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஊரில் பிறந்து பெங்களூரில் வேலை பார்க்கும் ஜெயராம் என்பவர், தான் வைத்திருந்ததைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மாதமாக அதில் ஒரு படம் வரைந்து வந்தார்கள். பாபநாசத்து மலையில் இருந்து கடல் வரைக்கும் ஓடும் தாமிரபரணியின் படம். ஆளுக்கு ஒரு துண்டு ஆறு. வயல்களுக்கு மட்டும் நாற்றுப் பச்சை, கிளிப்பச்சை, பாசிப் பச்சை என்று ஏழு பச்சை வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜெயராம் படத்தைப் பார்க்க வருகிறார். அதற்காக அறையைக் கூட்டித் துடைக்கச் சொல்லியிருந்தார்கள். சித்ரலேகா, சாலோமி, நூர்முகம்மது மூவரும் உள்ளே இருந்தார்கள். கூட்டி முடித்ததும் சித்ரலேகா கம்ப்யூட்டரைப் போட்டாள். ஏதோ ஒரு பட்டியல் வந்தது. பட்டியலுக்குக் கீழே ஒரு பொத்தான் இருந்தது. பொத்தான் இருந்தால் அவளால் சும்மா இருக்க முடியுமா? அமுக்கினாள். "நிச்சயமா?" என்கிற மாதிரி ஏதோ இங்கிலீஷில் கேட்டது. அதற்கும் ஆமாம் என்றாள்.

கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி வந்தது. ஏதோ குறுந்தட்டைப் போடச் சொன்னது. தட்டுக்கு எங்கே போவது? வேண்டாம் என்று அமுக்கினாள்.

அவ்வளவுதான். திரையில் எல்லாம் பூதாகரமாகிவிட்டது. ஆற்றுப் படத்தைத் திறந்து பார்த்தார்கள். ஏழு பச்சையும் ஒரே பச்சையாகிப் புள்ளி புள்ளியாக, அம்மை போட்டது போல இருந்தது. தாமிரபரணி ஊதா நிறத்தில் ஓடியது.

"ஏட்டி, என்னத்த செஞ்ச?" என்றாள் சாலோமி.

சித்ரலேகா பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தலைமையாசிரியர் நெல்லையப்பன் சார்.

சாருக்கு ஆரம்பம் முதலே இந்தக் கம்ப்யூட்டரைக் கண்டால் பயம். அதை அவர் தொட்டதே இல்லை. யாரும் பெட்டியைத் திறந்துவிடக் கூடாது என்று நாலு பக்கமும் அரக்கு வைத்து சீல் போட்டிருந்தார். இப்போது திரையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப் போனது.

"யாரு செஞ்சது?"

சித்ரலேகா விரலைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும், ஒருநாள் இப்படி ஆகும்னு," என்றார் சார். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருவேன். பழையபடி இருந்தா சரி. இல்லைன்னா இந்த அறையைப் பூட்டிருவேன். ஜெயராம் வந்தா, பத்திரமா இருக்குன்னு பூட்டைக் காட்டிக்கிடுதேன். அதுக்குப் பொறவு ஒரு பிள்ளையும் இந்தப் பக்கம் வரப்படாது."

அவர் போய்விட்டார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தன் ஒரு விரலால் நாற்பது பிள்ளைகளின் கம்ப்யூட்டர் போகப் போகிறதே என்று சித்ரலேகாவுக்கு அழுகை முட்டியது. அழுவதற்கு நேரம் இல்லை என்பதால் ஓடினாள்.

பள்ளி வாசலுக்கு எதிரே மளிகைக் கடையில் ஒரு சிவப்பு டெலிபோன் பெட்டி உண்டு. காசு போட்டால் மூன்று நிமிடம் பேசலாம். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த மும்தாஜ் பேகம் அக்காவின் நம்பர் அவளுக்கு மனப்பாடம். அந்த அக்காதான் நாலு சனிக்கிழமை வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

"அக்கா, கலர் எல்லாம் போயிட்டு! நாந்தான் எதையோ அமுக்கிட்டேன்!"

"மூச்சு விட்டுட்டுச் சொல்லு பிள்ள."

சித்ரலேகா மூச்சு விடாமலேயே எல்லாவற்றையும் சொன்னாள்.

"படம் எங்கேயும் போகல," என்றார் மும்தாஜ் அக்கா. "அதை மூடி வையி. சேவ் மட்டும் பண்ணிராதே. உள்ள கிராபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணு இருக்கும். திரைக்குப் படத்தையும் நிறத்தையும் அனுப்புறது அதுதான். அதுக்குன்னு இருக்கிற புரோகிராமைத்தான் நீ தூக்கிட்ட. திரும்பப் போட்டா சரியாயிரும். உங்க கம்ப்யூட்டர்ல என்ன கார்டு இருக்கு?"

"தெரியாதேக்கா!"

"கார்டு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு உண்டு. எங்கிட்ட அம்பது கார்டுக்கான புரோகிராம் இருக்கு. பேரைச் சொன்னா, அதைப் பிளாப்பித் தட்டுல ஏத்தி, மூணம்பது பஸ்ஸுல கண்டக்டர் மாரிக்கண்ணு அண்ணாச்சிகிட்ட குடுத்து விடுதேன். அதை விட்டா அடுத்த பஸ் அஞ்சு மணிக்கு மேலதான் உங்க ஊருக்கு வரும். நீ அமுக்குன பட்டியல்லயே இப்பம் என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டு வா."

ஓட்டமாக வந்தாள். பட்டியலைப் பார்த்தாள். ஓட்டமாகத் திரும்பிப் போனாள்.

"அக்கா, ஸ்டாண்டர்டுன்னு போட்டிருக்கு. ஆனா எத்தனாவது ஸ்டாண்டர்டுன்னு போடலை."

அந்தப் பக்கம் மும்தாஜ் அக்கா சிரித்தது கடைக்காரருக்கே கேட்டிருக்கும். "அது வகுப்பு இல்லை பிள்ள! பேரு தெரியாதவங்களை நாம 'ஐயா'ன்னு கூப்பிடுவோம்லா, அந்த மாதிரி பொதுவா ஒரு பேரு. பெட்டியைத் திறந்து பாக்க முடியுமா?"

"ஹெச்.எம். சார் அரக்கு வச்சிருக்காரு."

"அப்பம் ஒரு வழிதான். கம்ப்யூட்டரைப் போட்டதும், எல்லாத்துக்கும் முன்னால, திரைக்கு மேல கார்டு தன் பேரைத் தானே சொல்லும். ரெண்டே நொடிதான். அது வந்ததும் கீபோர்டுல பாஸ் அமுக்கு. அமுக்கினா அது…"

டெலிபோன் கீங் என்றது. பேச்சு அறுந்துவிட்டது. சித்ரலேகாவிடம் வேறு காசும் இல்லை. "பொறவு தாரேன் அண்ணாச்சி," என்று கடைக்காரரிடம் இரண்டு காசு வாங்கி வைத்துக்கொண்டு ஓடினாள்.

"பாஸ் அமுக்கணுமாம்!" என்று கத்திக்கொண்டே அறைக்குள் நுழைந்தாள்.

சாலோமிதான் வகுப்பில் இங்கிலீஷில் முதல். பி, ஏ, எஸ், எஸ் என்று விரலால் தொட்டுத் தொட்டு கீபோர்டு முழுவதும் தேடினாள்.

"பாஸும் இல்லை, பெயிலும் இல்லை," என்றாள் கடைசியில்.

"சரி விடு. கண்ணாலயே பிடிப்போம்."

சுவிட்சைப் போட்டார்கள். திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு மெல்ல வெளிச்சம் வந்தது. வந்தபோது எண்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. பெயர் எதுவும் இல்லை. அணைத்துப் போட்டார்கள். மறுபடியும் எண்கள்தான். மூன்றாவது தடவையும் அதே எண்கள்.

சுவர்க் கடிகாரம் இரண்டு ஐம்பது காட்டியது. சித்ரலேகா ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். தாழ்ப்பாளை ஆட்டினாள். டஸ்டரை எடுத்து உதறினாள். அதை வைத்துவிட்டு மறுபடி கதவுக்குப் போனாள்.

"ஒரு இடத்துல நில்லேன். எனக்குத் தலை சுத்துது," என்றாள் சாலோமி.

சித்ரலேகா நின்றாள். சாலோமி சொன்னதற்காக இல்லை. சாலோமி நாலாவது முறை சுவிட்சைப் போட்டபோது அவள் காதில் ஒன்று விழுந்தது. பெட்டி முதலில் உய்யென்று சத்தம் போட்டது. அதற்கு அப்புறம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரையில் வெளிச்சம் வந்தது.

"சாலோமி! பெட்டி முந்தியே முழிச்சிருது. திரைதான் பைய முழிக்குது. எங்க வீட்டு டிவியும் போட்ட உடனே வராதுலா? திரை கண்ணைத் தொறக்கிறதுக்குள்ள கார்டு பேரைச் சொல்லிட்டுப் போயிருது!"

"அதுக்கு என்ன செய்ய?"

"திரையை அணைக்கவே கூடாது. பெட்டியை மட்டும் திரும்பத் தொடங்க வைக்கணும்."

பெட்டியின் முன்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் பெட்டி முதலில் இருந்து தொடங்கும் என்று மும்தாஜ் அக்கா ஒரு சனிக்கிழமை சொல்லியிருந்தார். தேவையில்லாமல் தொடக் கூடாது என்று சித்ரலேகாவின் முகத்தைப் பார்த்தே சொல்லியிருந்தார்.

பெட்டி மேஜைக்கு அடியில் இருந்தது. சித்ரலேகா தவழ்ந்து உள்ளே போனாள். எண்கள் ஓடுவதாகச் சாலோமி சொன்னதும் பொத்தானை அமுக்கினாள்.

"வந்துட்டு! வந்துட்டு!" என்று குதித்தாள் சாலோமி. "ஐயோ, போயிட்டு."

"என்ன பேரு?"

"எஸ் த்ரீ… ட்ரயல்… ஒரு நம்பர்…"

"போதும்!" சித்ரலேகா மேஜையில் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வலியைத் தடவக் கூட நிற்காமல் மூன்றாவது முறையாகக் கடைக்கு ஓடினாள்.

"ட்ரயல்னு ஒரு கார்டே கிடையாதே," என்றார் மும்தாஜ் அக்கா. "தெரிஞ்ச வார்த்தையா நினைச்சு வாசிச்சிருக்கீங்க. எனக்கு எழுத்து எழுத்தா வேணும் பிள்ள. தப்பானதை அனுப்பினா திரையே வராமப் போயிரும். நான் பிள்ளைகளுக்குப் பரீட்சை வச்சிட்டு இருக்கேன். மூணே முக்காலுக்கு மறுபடி கூப்பிடு."

அவள் திரும்பி வந்தபோது, ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்த நூர்முகம்மது துணியைக் கீழே வைத்தான்.

"நான் பாக்கட்டா?"

சாலோமி சிரித்துவிட்டாள். நூர்முகம்மதுக்கும் இங்கிலீஷுக்கும் ஏழாம் பொருத்தம். பத்து எழுத்துச் சேர்ந்தாற்போல வந்தால் அவன் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். "நீ எப்படிலே வாசிப்ப?"

"வாசிக்க மாட்டேன். இருக்கிற மாதிரியே வரைஞ்சு தாரேன்."

சித்ரலேகாவும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்புறம் யோசித்தாள். ஆற்றுப் படத்தில் சிற்றாறு வந்து கலக்கும் இடத்தை வரைந்தது இவன்தான். கரையில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து, வளைவு மாறாமல் அப்படியே போட்டவன். சாலோமிக்கு இங்கிலீஷ் தெரியும். அதனால்தான் பாதியைப் பார்த்ததும் மீதியை ஊகித்துவிட்டாள். இவனுக்கு ஊகிக்கத் தெரியாது.

"வாலே நூரு, நீயே பாரு," என்றாள்.

நூர்முகம்மது நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். "ஒரு தடவைக்கு ரெண்டு எழுத்துதான் பாப்பேன். நான் சொன்ன பொறவு அமுக்கு. அவசரப்படக் கூடாது."

அவசரப்படக் கூடாதாம்! சித்ரலேகாவிடம்! அவள் மேஜைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து திரை தெரியாது. நூர்முகம்மதின் கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"அமுக்கு."

அமுக்கினாள். "என்ன வந்துச்சு?"

"பொறு, வரையுதேன்."

பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது. அவ்வளவு மெதுவாக ஒருவன் இரண்டு எழுத்துப் போட முடியும் என்று சித்ரலேகாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கையை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் மேலே உட்கார்ந்துகொண்டாள்.

"அமுக்கு."

நான்காவது தடவையில் சாலோமியின் குரல் உயர்ந்தது. "ஏட்டி, ட்ரயல் இல்லை! ட்ரையோ! டி, ஆர், ஐ, ஓ. நாந்தான் தப்பா வாசிச்சிருக்கேன். அதுக்குப் பக்கத்துல அறுபத்துநாலு!"

ஐந்தாவது தடவை 'வி' வந்தது.

"எஸ் த்ரீ ட்ரையோ அறுபத்துநாலு வி! முடிஞ்சிட்டு!" சித்ரலேகா வெளியே தவழ்ந்தாள். மணி மூன்று நாற்பத்து நாலு.

"முடியலை," என்றான் நூர்முகம்மது.

"என்னலே முடியலை?"

"கடைசியில பொடிசா ஒண்ணு இருக்கு. சரியாத் தெரியலை. இன்னொரு தடவை அமுக்கு."

"அது தூசியாயிருக்கும்," என்றாள் சாலோமி.

"துடைச்சது நான்," என்றான் நூர்முகம்மது. "தூசி கிடையாது."

சித்ரலேகாவின் கால்கள் ஏற்கெனவே வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. இன்னும் ஆறே நிமிடத்தில் பஸ் கிளம்பிவிடும். இருந்தும் இவ்வளவு நேரம் சரியாகப் பார்த்த கண் இப்போது மட்டும் தப்பாகவா பார்க்கும்? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் மேஜைக்கு அடியில் நுழைந்தாள்.

அமுக்கினாள்.

"சிலுவை!" என்றாள் சாலோமி. "சின்னச் சிலுவை!"

"கூட்டல் குறி," என்றான் நூர்முகம்மது. அதையும் வரைந்து, நோட்டுத் தாளைக் கிழித்து அவள் கையில் கொடுத்தான்.

அந்த ஓட்டத்தைப் பள்ளி விளையாட்டு விழாவில் ஓடியிருந்தால் கோப்பை கிடைத்திருக்கும்.

"எஸ், மூணு. டி, ஆர், ஐ, ஓ. ஆறு, நாலு. வி," என்று மூச்சிரைக்க ஒப்பித்தாள்.

"சபாஷ்! ஆனா அதுல ரெண்டு மூணு வகை உண்டே. வி-க்குப் பொறவு ஏதாவது இருக்கா பாத்தீங்களா?"

"கூட்டல் குறி இருக்குக்கா!"

"ஆஹா! அதைச் சொல்லலைன்னா நான் வேற ஒண்ணைல்லா குடுத்து விட்டிருப்பேன்! ட்ரையோன்னா மூணு பேரு சேந்ததுன்னு அர்த்தம், தெரியுமா?"

"நாங்களும் மூணு பேருதான் அக்கா."

"ஆமா, அந்த பாஸ் பட்டனை அமுக்கினா எழுத்து அப்படியே நிக்குமே, அமுக்கினீங்களா?"

"பி, ஏ, எஸ், எஸ்ஸுன்னு தேடினோம். இல்லையே."

"பி, ஏ, யு, எஸ், இ பிள்ள! வலது பக்கம் மேல மூலையில! சரி, சரி, போனை வை. சைக்கிள்ல ஓடணும்."

நாலரை மணிக்கு மூவரும் பஸ் நிறுத்தத்தில் இருந்தார்கள். ஒரு டிராக்டர் வந்தது. வைக்கோல் வண்டி ஒன்று வந்தது. நாலே முக்காலுக்குத்தான் பஸ் வந்தது. அது நிற்பதற்கு முன்பே சித்ரலேகா படியைப் பிடித்துவிட்டாள்.

"ஏ பிள்ள, கையை எடு! பாளையங்கோட்டையில அந்தப் பொண்ணு பஸ்ஸுக்குக் குறுக்க சைக்கிளை விடுது. இங்கன நீ படியில தொங்குத," என்று திட்டிக்கொண்டே கண்டக்டர் மாரிக்கண்ணு பையைத் திறந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை நீட்டினார். "வளைக்கப்படாதாம், நனைக்கப்படாதாம். பச்சைப் பிள்ளையைக் கொண்டு வந்த மாதிரி கொண்டு வந்திருக்கேன்."

உள்ளே பிளாப்பியும், என்னென்ன செய்ய வேண்டும் என்று மும்தாஜ் அக்கா எழுதிய துண்டுச் சீட்டும் இருந்தன. சாலோமி வாசித்தாள். நூர்முகம்மது திரையில் அந்த எழுத்து எங்கே என்று காட்டினான். சித்ரலேகா அமுக்கினாள். சொன்னதை மட்டும் அமுக்கினாள். கடைசி வரியில், 'கம்ப்யூட்டர் அணைந்து திரும்ப வரும்' என்று இருந்தது.

திரை கறுப்பானது. அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். நெல்லையப்பன் சார் ஒரு பெரிய பூட்டோடு நின்றார்.

"இருந்த வெளிச்சமும் போயிட்டா?"

"ஒரே நிமிஷம் சார்!"

திரையில் எழுத்து வந்தது. எண்கள் ஓடின. காத்திருக்கச் சொல்லும் மணல்கடிகாரம் வந்து நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பிறகு எல்லாம் பழைய அளவில் வந்தது. சித்ரலேகா ஆற்றுப் படத்தைத் திறந்தாள்.

ஏழு பச்சை. நீல ஆறு. சிற்றாறு வந்து கலக்கும் இடத்தில் இளஞ்செம்மண் நிறம்.

சாலோமி கைதட்டினாள். நூர்முகம்மது நாற்காலியை விட்டு எழுந்து சார் பார்ப்பதற்கு வழி விட்டான். சித்ரலேகாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"சார், அதைக் கெடுத்தது நான்தான்," என்றாள். "மத்தியானம் நீங்க கேட்டப்பம் பயத்துல சொல்லலை. சரி பண்ணுனது நாங்க மூணு பேரும். அறையைப் பூட்டாதீங்க சார்."

சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"இது எங்கன? கல்லிடைக்குறிச்சியா?"

"ஆமா சார்."

"படித்துறை எங்க?"

மூவரும் திரையில் தேடினார்கள். "படித்துறை வரையலை சார்."

"படித்துறை இல்லாம என்ன கல்லிடைக்குறிச்சி? நான் நீச்சல் படிச்சதே அங்கனதான்." சார் பூட்டை மேஜையில் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மவுஸை இரண்டு கையாலும் பிடித்தார். "எப்படி ஒரு கோடு போடணும்?"

"ஒரு கை போதும் சார்," என்றான் நூர்முகம்மது.

முதல் கோடு ஆற்றைத் தாண்டிக் கரையேறிப் போய்விட்டது. அழித்தார். இரண்டாவது கோடு வளைந்தது. மூன்றாவது கோடு ஒரு படியாக விழுந்தது. பக்கத்தில் நின்ற சித்ரலேகா மவுஸைப் பிடுங்கி நாலே இழுப்பில் முடித்துவிடலாமா என்று துடித்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஐந்தரை மணிக்கு வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு எட்டிப் பார்த்தார். "சார், பூட்டிரலாமா?"

"இரும்வே," என்றார் நெல்லையப்பன் சார், திரும்பிப் பார்க்காமலே. "இன்னும் நாலு படி பாக்கி இருக்கு."